காயாத அச்சில் வார்த்த கால்

போன வாரம் ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

"டாக்டர், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல நானே அச்சு செஞ்சு ரெசின் ஊத்தினேன். அச்சோட ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. சுரண்டி எடுத்ததுல இப்போ விரலெல்லாம் அரிக்குது. என்ன க்ரீம் போடலாம்?"

அரிப்புக்கு முதலில் பதில் சொல்லிடறேன். முழுசா இறுகாத ரெசினும் அதோட ஹார்ட்னரும் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை துளி பட்டாலே கிளம்பிவிடும். தின்னர் ஊற்றித் துடைக்காதீங்க, தோல் இன்னும் கெடும். சோப்பும் தண்ணீரும் போதும். இனி நைட்ரைல் கையுறை இல்லாமல் அதைத் தொடாதீங்க. அரிப்பு அடங்கலைன்னா தோல் மருத்துவரை நேரில் பாருங்க. போட்டோவைப் பார்த்து நான் க்ரீம் எழுதித் தர மாட்டேன்.

ஆனா அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கு. ஏன் ஒட்டிக்கிச்சு?

அதுக்கும் எனக்குப் பதில் தெரியும். அஞ்சரை வருஷ எம்.பி.பி.எஸ். படிப்பில் யாரும் சொல்லித் தந்ததில்லை. என் அவசரத்தால் ஒருத்தர் காலில் புண் வந்தது. அதுக்கப்புறம் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். அந்தக் கதையைத்தான் இந்தத் தொடர்ல எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

(சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடுதான் எழுதறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

அவரை மாஸ்டர்னு சொல்றேன். கல்யாண சமையல் மாஸ்டர். ஐம்பதைத் தாண்டிய வயசு. சர்க்கரை நோய் பல வருஷமா உண்டு. ஒரு மண்டபத்து அடுப்படியில் வெறுங்காலோட நின்னு பெருவிரல்ல கொப்புளம் வந்திருக்கு. வந்ததே அவருக்குத் தெரியலை. கால் மரத்துப்போய் ரொம்ப நாள் ஆச்சு. சாக்ஸ் ஈரமா இருக்கேன்னு பார்த்தப்போதான் தெரிஞ்சிருக்கு. எங்க வார்டுக்கு வந்தப்போ பாதம் முழுக்க அழுகிப் போயிருந்தது. ஆனி மாசம், முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாச்சு.

காயம் நல்லா ஆறியது. ஐப்பசியில் செயற்கைக் கால் போடத் தயாராயிட்டார்.

எங்க ஆஸ்பத்திரி வளாகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கு. செயற்கைக் கால் செய்யுற இடம். பெரும்பாலான டாக்டர்கள் உள்ளே போனதே கிடையாது, நானும்தான். சீட்டில் எழுதி அனுப்பிடுவோம், கால் வந்துடும். அங்கே இருக்கும் டெக்னீஷியன் அண்ணன் கிட்டத்தட்ட முப்பது வருஷமா அதே மேஜையில் வேலை பார்க்கிறவர்.

செயற்கைக் காலில் பாதம், குழாய் எல்லாம் ரெடிமேடா வாங்கலாம். வாங்கவே முடியாதது சாக்கெட். மீதமிருக்கும் கால் போய் உட்காரும் கிண்ணம் அது. ஒவ்வொருத்தர் காலுக்கும் தனித்தனியா செய்யணும். அதுக்குத்தான் பிளாஸ்டரும் ரெசினும்.

எலும்பு முறிஞ்சா போடுவோமே மாவுக்கட்டு, அதே சமாசாரம்தான். பாரிஸ் பக்கத்து மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டிச் சுட்டதால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்னு பேர். 1852ல் மத்தைசென் என்ற டச்சு ராணுவ டாக்டர் இதைத் துணியில் தடவி, நனைச்சுச் சுத்தினா எலும்பு நிக்கும்னு காட்டினார். ஜிப்சத்தைச் சுட்டால் அதில் இருக்கிற தண்ணீரில் முக்கால் பங்கு போய் மாவாகும். மறுபடி தண்ணீர் ஊத்தினா, போன தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கிட்டு, சூடு விட்டபடியே கல்லாகும்.

(அந்தச் சூடு விளையாட்டில்லை. 2007ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கை வார்ப்பு எடுக்கறேன்னு பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை விட்டு, தீக்காயத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தார். வீட்டில் குழந்தை கை, கால் அச்சு எடுக்க இந்த மாவை வாளியில் கரைச்சு யாரும் முக்காதீங்க.)

சாக்கெட் செய்யுற முறை இதுதான். முதலில் மீதிக்காலில் மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களை நனைஞ்சா ஊதாவாகுற பென்சிலால் குறிப்பாங்க. அதுமேல மாவுக்கட்டு. இறுகினதும் உருவினா காலின் வெளி அச்சு கிடைக்கும். பென்சில் கோடெல்லாம் உள்பக்கம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அதுக்குள் சோப்புக் கரைசல் பூசி, நடுவில் இரும்புக் குழாய் நிறுத்தி, கரைச்ச பிளாஸ்டரை ஊத்துவாங்க. கட்டை அறுத்து எடுத்தா அந்த மனுஷரோட கால் வெள்ளைச் சிலையா நிக்கும்.

அப்புறம்தான் அண்ணனோட உண்மையான வேலை. காலில் எடை தாங்கும் இடம் உண்டு, தாங்காத இடம் உண்டு. முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநார் தாங்கும். அங்கே சிலையைச் செதுக்கிக் குறைப்பார். முட்டிக்கு வெளிப்பக்கம் சின்னக் குமிழ் மாதிரி ஒரு எலும்பு முனை இருக்கும், இப்பவே உங்க காலில் தடவிப் பாருங்க. அது தாங்காது. அதை ஒட்டி ஒரு நரம்பும் ஓடுது. அங்கே புதுசா மாவு அப்பி மேடு பண்ணுவார். சிலையில் மேடு என்றால் சாக்கெட்டில் அது குழி. எலும்பு அந்தக் குழிக்குள் நிம்மதியா இருக்கும்.

இந்த மேட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சிலை தயாரானது ஒரு புதன்கிழமை. வெளியே வடகிழக்குப் பருவமழை, அடைமழை. அடுத்த வாரக் கடைசியில் மாஸ்டருக்கு ஒரு கார்த்திகை முகூர்த்தம். எண்ணூறு இலை. அஞ்சு மாசமா வருமானமே இல்லாதவர். "கரண்டி பிடிக்க வேணாம் சார், நின்னு சொன்னாப் போதும். நான் வந்து நிக்கலைன்னா அந்தப் பார்ட்டி வேற ஆளைப் பார்த்துடும்"னு என்கிட்ட வந்து நின்னார். ரெண்டு கக்கத்திலும் கட்டையோட.

நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மாஸ்டர் கால் என்னாச்சு?"

"அச்சு காயலை சார். மழை. இன்னும் அஞ்சு நாள் ஆவும்."

"கையில தட்டினா கல்லு மாதிரிதானேண்ணே இருக்கும்?"

"கல்லுதான் சார். ஆனா ஈரக்கல்லு."

"கொஞ்சம் பாருங்கண்ணே. பாவம் அவரு."

முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் அவர். ஆனா அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ரெண்டாவது தடவை "பாருங்கண்ணே"ன்னா அது வேண்டுகோள் இல்லைங்க. அது எனக்கு அப்போ புரியலை. "சரி சார்"னு வெச்சுட்டார். வெள்ளிக்கிழமை வார்த்தாங்க.

அந்த ஈரக்கல்லு விஷயத்தை உங்களுக்குச் சொல்லியாகணும். தங்கையோட அச்சிலும் இதுவாத்தான் இருக்கணும்.

நூறு கிராம் மாவு கல்லாக வேதியியல்படி தேவைப்படும் தண்ணீர் பத்தொன்பது கிராம்கூட இல்லை. ஆனா அவ்வளவு மட்டும் விட்டா கரைக்கவே முடியாது. ஊத்துற பதத்துக்கு அறுபது, எழுபது கிராம் விடுவோம். மீதி எங்கே போகும்? எங்கேயும் போகாது, கல்லுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத துளைகள்ல உட்கார்ந்திருக்கும். மூணு கிலோ மாவுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர் விட்டால், ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் அந்தச் சிலைக்குள் சும்மா இருக்கு. அரை மணி நேரத்தில் தட்டினா கல்லு. உள்ளே ஒரு பெரிய பாட்டில் தண்ணீர்.

அது காய்ஞ்சு வெளியேறினால் அந்தத் துளைகள் காலியாகும். அப்போ வேற தலைவலி. காலித் துளைக்குள் ரெசின் இறங்கி, அங்கேயே இறுகி, ஆயிரம் வேர் விட்ட மாதிரி பிடிச்சுக்கும். அதனால காய்ஞ்ச அச்சுக்கும் ரெசினுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேணும். காயாத அச்சுன்னா ரெண்டு கஷ்டமும் சேர்ந்து வரும். ஈரம் பட்ட இடத்தில் ரெசின் சரியா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும். தடுப்பையும் ஈரம் கெடுக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் தடுப்பு என்பது பி.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் தாளில் தைத்த பை. தண்ணீரில் கரையக்கூடிய தாள் அது. ஈரத்துணியில் கொஞ்ச நேரம் சுருட்டி வெச்சா ரப்பர் மாதிரி இழுபடும். இழுத்துச் சிலைமேல மாட்டி, உள்காற்றை உறிஞ்சினா சுருக்கமில்லாம தோல் மாதிரி ஒட்டிக்கும். அதுமேல நூலுறை, கண்ணாடி இழை, வெளியே இன்னொரு பை. ரெண்டு பைக்கும் நடுவில் ரெசினை ஊத்தி, கயிற்றால் நீவி நீவிக் கீழே இறக்குவாங்க. இறுகும்போது ரெசினும் சூடாகும். அடியில் ஈரச்சிலை இருந்தா என்ன ஆகும்? அந்தச் சூட்டில் ஈரம் மேலே கிளம்பும். தண்ணீரில் கரையுற தாள் பாவம் என்ன செய்யும்?

சிலையிலேயே அதிக ஈரம் எங்கே இருக்கும்னு நினைக்கிறீங்க? கடைசியா அப்பின மேட்டில். எலும்பு முனைக்காகப் போட்ட மேடு.

அங்கேதான் பை கரைஞ்சு ஓட்டை விழுந்தது.

சனிக்கிழமை பிளாஸ்டரை உடைச்சு எடுத்தப்போ எல்லாம் வந்தது, அந்த மேடு மட்டும் வரலை. சாக்கெட்டோட ஒட்டிக்கிட்டு உள்ளேயே நின்னுடுச்சு. குழியா இருக்க வேண்டிய இடம் நிரம்பிப்போச்சு. அண்ணன் உளியால் கொத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடிஞ்ச அளவு எடுத்தார். எனக்குப் போன் பண்ணி, "திரும்பப் போட்டாத்தான் சார் நல்லாயிருக்கும்"னார். நான் நேரில் போனேன். விரல் விட்டுப் பார்த்தேன், லேசா சொரசொரப்பு. மாஸ்டர் காலுறையை மாட்டி, சாக்கெட்டுக்குள் காலை விட்டு, எழுந்து நின்னார். அஞ்சு மாசத்துக்கு அப்புறம் கட்டை இல்லாம நிக்கிறார். முகம் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

"எங்கேயாவது அழுத்துதா மாஸ்டர்?"

"அருமையா இருக்கு சார். ஒண்ணும் தெரியலை."

ஒண்ணும் தெரியலை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ரெண்டு காலிலும் உணர்ச்சி குறைஞ்சு, பாதம் அழுகினது தெரியாம வந்த மனுஷர் அவர். அவரோட கேஸ் ஷீட்டில் அதை எழுதினதே நான்தான். அவர்கிட்டயே வலிக்குதான்னு கேட்டு, அவர் இல்லைன்னதும் அனுப்பி வெச்சேன்.

பத்தாம் நாள் வந்தார். மண்டபத்தில் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல நின்னிருக்கார். காலுறையைக் கழட்டினால் அந்த எலும்பு முனை மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். சுத்தியும் தோல் செவந்து, பொரிப் பொரியா. அழுத்தத்தால் வந்த புண், சரியா இறுகாத ரெசின் தோலில் பட்ட ஒவ்வாமை, ரெண்டும். அப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

எலும்பு வரைக்கும் போகலை. முட்டிக்கு மேலே வெட்ட வேண்டிய நிலை வரலை. வந்திருக்கலாம். ஏழு வாரம் கட்டுப் போட்டோம். அந்த ஏழு வாரமும் செயற்கைக் கால் கிடையாது, மறுபடி கக்கத்தில் கட்டை. கார்த்திகைக்கு அப்புறம் வந்த ஆர்டர் ரெண்டும் கைமாறிப் போச்சு.

நான் அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அச்சு காயலைன்னு தெரிஞ்சும் அவசரப்படுத்தினது நான்தான், அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னார்னு. திட்டுவார்னு நினைச்சேன். அவர் சமையல்காரர் புத்தியில் யோசிச்சார்.

"தட்டு காயாம மைசூர்பாகு கொட்டின மாதிரி ஆயிருக்கு சார். இட்லித் துணி நனைஞ்சிருக்கணும், மைசூர்பாகு தட்டு காய்ஞ்சிருக்கணும். ரெண்டையும் மாத்திப் பண்ணினா எதுவும் பேந்து வராது."

பை நனைஞ்சிருக்கணும், அச்சு காய்ஞ்சிருக்கணும். அண்ணன் அரை மணி நேரம் எனக்கு விளக்கினதை அவர் ரெண்டு வரியில் சொல்லிட்டார்.

அதுக்கப்புறம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பிச்சேன். காய்ஞ்சிருச்சான்னு அண்ணன் எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? அச்சைக் கன்னத்தில் வெச்சுப் பார்ப்பார். ஈரம் இருந்தா ஜில்லுன்னு இருக்கும், கையை விடக் கன்னத்துக்கு அது நல்லாத் தெரியும். தராசில் நிறுத்து சுவரில் எழுதுவார். இன்னைக்கும் நாளைக்கும் எடை குறையாம நின்னா உள்தண்ணீர் போயிருச்சுன்னு அர்த்தம். மழைக்காலத்துக்குப் பழைய இரும்பு பீரோவுக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு. அதுக்கு மேல சூடு காட்ட மாட்டார். ரொம்பச் சூடானா பிளாஸ்டர் தன் சொந்தத் தண்ணீரையும் விட்டு, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர ஆரம்பிச்சுடும்.

எங்க பல் பிரிவிலும் இதே பாடுதான். பல்செட் செய்யுற அச்சும் பிளாஸ்டர்தான், ஊத்துறது அக்ரிலிக் ரெசின். முன்னே தகரத்தாள் ஒட்டித் தடுப்பாங்களாம். இப்போ கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலைப் பூசுறாங்க. அது பிளாஸ்டரில் இருக்கும் கால்சியத்தோட சேர்ந்து கரையாத மெல்லிய படலமா மாறிடும். தாத்தா, பாட்டியோட பல்செட் உள்பக்கம் வழவழன்னு இருந்தா அந்தப் படலத்தையும் நினைச்சுக்கோங்க.

சரி தங்கச்சி, உங்க அச்சுக்கு வர்றேன். வீட்டில் சின்னச் சாமான்தானே, பி.வி.ஏ. பை தேவையில்லை. அச்சைக் குறைஞ்சது ஒரு வாரம் நிழல்காத்தில் காயப் போட்டு, எடை நிக்குதான்னு பாருங்க. சமையலறைத் தராசு போதும். நல்ல உப்புத்தாளால் வழவழப்பாக்குங்க. தச்சு வேலைக்காரங்க அடிக்கும் பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைச்ச அரக்கு, மெல்லிசா ரெண்டு மூணு கோட் அடிச்சு, ஒவ்வொண்ணையும் காயவிட்டு துளைகளை அடைங்க. அதுமேல மெழுகு பாலிஷ் தடவி, துணியால் பளபளன்னு தேய்ச்சு எடுங்க. மெழுகு திட்டா நின்னா அந்தத் திட்டு அப்படியே ரெசினில் பதியும். எல்லாத்துக்கும் முன்னாடி அச்சின் வடிவத்தைப் பாருங்க. வாய் குறுகி வயிறு பெருத்த சொம்பு மாதிரி இருந்தா, எதைத் தடவினாலும் முழுசா வராது. அச்சை ரெண்டு துண்டா செய்யணும், இல்லைன்னா உடைக்கணும். நாங்க சாக்கெட்டுக்கு உடைக்கத்தான் செய்யறோம். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க. பாலியெஸ்டர் ரெசின் வாங்கினால் கூட வரும் கோபால்ட் பாட்டிலையும் ஹார்ட்னர் பாட்டிலையும் ஒண்ணோட ஒண்ணு நேரடியா கலந்துடாதீங்க, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுசா கலக்கணும், அப்புறம்தான் ஹார்ட்னர்.

வீட்டில் யாராவது செயற்கைக் கால் போடுறவங்க இருந்தா, முக்கியமா சர்க்கரை இருந்தா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. புதுக் கால் வந்த முதல் நாள் கால் மணி, அரை மணி நேரம் போட்டு நடந்துட்டுக் கழட்டணும். தோலைப் பார்க்கணும். செவப்பு இருந்தா கடிகாரத்தைப் பாருங்க, பத்து இருபது நிமிஷத்தில் மறையணும். மறையலைன்னா அந்தக் காலைத் திரும்பப் போடாம, கொடுத்த இடத்துக்கே கொண்டு போங்க. தினமும் ராத்திரி கண்ணாடி வெச்சு மீதிக்காலின் அடிப்பக்கத்தையும் பாருங்க. "வலிக்கலையே"ன்னு அவங்க சொன்னா, அதைக் கேட்டுக்கிட்டு அப்பவும் பாருங்க.

மாஸ்டருக்கு ரெண்டாவது சாக்கெட் தை மாசம் போட்டோம். நல்ல வெயில். புது அளவு, புது அச்சு. புண் ஆறின இடத்துக்கு மேட்டைக் கொஞ்சம் கூடுதலாவே வெச்சார் அண்ணன். ஆறாம் நாள் எடை நின்னுடுச்சு. "நாளைக்கு வார்த்துடலாம் சார்"னு அண்ணன் எனக்குச் சொல்லும்போது மாஸ்டரும் பக்கத்தில் பெஞ்சில் இருந்தார். வர்ற ஞாயிறு முகூர்த்தம் ஒண்ணு அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும்.

"இன்னும் ரெண்டு நாள் காயட்டுமேண்ணே"ன்னார் மாஸ்டர். "ஞாயித்துக்கிழமைக்குப் பையனை அனுப்பிட்டேன்."

நான் வாயே திறக்கலை.

உடைக்கிற அன்னைக்கு நானும் போயிருந்தேன். உளி நாலு தட்டு. சிலை துண்டு துண்டா கொட்டுச்சு, அந்த மேடும் சேர்ந்து. உள்ளே ஒட்டியிருந்த பையின் ஓரத்தை அண்ணன் நகத்தால் நெம்பி இழுத்தார். பாம்புச் சட்டை மாதிரி ஒரே இழுப்பில் முழுசா வந்தது. உள்ளே முகம் பார்க்கலாம். அண்ணன் ஒரு பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டி உள்ளே சுத்தித் தடவினார். எங்கேயாவது பிசிறு இருந்தா நூல் மாட்டும். மாட்டலை. சாக்ஸைக் கழட்டி மாஸ்டர்கிட்ட கொடுத்து, "நீங்களும் பாருங்க"ன்னார்.

மாஸ்டர் கையை விட்டு நிதானமா ஒரு சுத்து, திரும்ப எதிர்ப்பக்கமா ஒரு சுத்து. அந்தக் குழி இருக்கும் இடத்தில் மட்டும் விரல் ரொம்ப நேரம் நின்னது. அப்புறம் மாட்டிக்கிட்டு ஒர்க்‌ஷாப் வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து, உட்கார்ந்து, கழட்டி, காலை என் பக்கம் நீட்டினார்.

"மணி பாருங்க சார்."

பன்னிரண்டு நிமிஷத்தில் செவப்பு போயிருந்தது.